எதிர்க்கரை ஜோடி

என் மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. இந்தக் கதையில் எனக்கு இருக்கும் ஒரே தொந்தரவு அதுதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சீட்டாடும்போது நல்ல சீட்டு வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். யாராவது மரியாதைக்கு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், சாப்பிடாமலே "ஆச்சு" என்று சொல்லிச் சமாளிக்கக்கூடத் தெரியாது. திருதிருவென்று விழிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே இதை முழுக்கச் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என் மனைவி எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நடந்தது நடந்ததுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தண்ணீரில் எண்ணெய் கொட்டினால் போய் அள்ளுவது மச்சானின் வேலை. எங்காவது டேங்கர் கவிழ்ந்தால், குழாய் வெடித்தால் போன் வரும். எங்கள் வீட்டு மாடியறையில் அவர் பை எப்போதும் தயாராக இருக்கும். தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் "நேரம் வரலை" என்பார். வயது ஐம்பதாகிறது, அந்த நேரம் எந்தப் பஸ்ஸில் வருகிறதோ தெரியவில்லை.

அந்த முறை காரணம் சுழற்காற்று. யானைத் தும்பிக்கை மாதிரி வானத்திலிருந்து இறங்கி, ஓர் ஊரின் ஓரமாகக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போயிருந்தது. ஒரு தெருவில் கொடியில் காய்ந்த துணிகூட விழவில்லை. அடுத்த தெருவில் தெருவே இல்லை. அது போன வழியில் ஓர் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. தொட்டிகள் கவிழ்ந்து, எண்ணெய் மழைநீர்ச் சாக்கடை வழியாகக் கால்வாயில் இறங்கிவிட்டது. நல்ல வேளை, எச்சரிக்கை கேட்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். ஊர் முழுக்க ஆள் எண்ணிப் பார்த்தார்கள். ஒருவரும் சாகவில்லை, ஒருவரையும் காணோம் என்று இல்லை. அந்த மட்டும் தப்பித்தோம் என்று ஊர் மூச்சு விட்டது.

மச்சானின் குழு போய் இறங்கியபோது கால்வாய் தார் ரோடு மாதிரி கிடந்ததாம். மதகுகளை எல்லாம் மூடியிருந்ததால் தண்ணீர் ஓடவில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் எண்ணெய் நகரும்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தனியாக யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. ஜோடியாகத்தான் போக வேண்டும். உடுப்பு மாட்டும்போது ஒருவரை ஒருவர் சரிபார்க்க வேண்டும். கால்வாயில் இறங்கி வாரும்போது இந்தக் கரையில் ஒருவர், எதிர்க்கரையில் ஒருவர். நடுவில் தண்ணீரின் மேல் குறுக்காக ஒரு நீள மிதவை. தொடை கனத்தில், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் கயிறு. இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சமமாக நடந்தால், மிதவை எண்ணெயைத் தள்ளிக்கொண்டே போய், உறிஞ்சும் லாரி நிற்கிற இடத்தில் சேர்த்துவிடும்.

முகமூடி போட்டுக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பேச முடியாது. அதனால் பேச்சு கயிற்றில்தான். ஓர் இழுப்பு என்றால் 'இருக்கியா?'. இரண்டு இழுப்பு, 'இருக்கேன்'. மூன்று என்றால் 'முடிஞ்சது, விடு'. மூன்றுக்கு மூன்று பதில் வந்தால்தான் கயிற்றைக் கீழே போடலாம். அதற்கு முன்னால் போட்டால், எதிர்க்கரையில் இருப்பவனை நட்டாற்றில் விட்ட மாதிரி.

வேலை முடிந்து கழுவும் மேடைக்கு வந்தாலும் ஜோடிதான். முதுகில் ஒட்டிய எண்ணெயை யாரும் தானே தேய்க்க முடியாது. அவன் முதுகை இவன் தேய்ப்பான், இவன் முதுகை அவன் தேய்ப்பான்.

மச்சானுக்கு ஒன்பது வருடமாக ஒரே ஜோடி. 'நெட்டை' என்று கூப்பிடுவார்கள். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்த சிநேகம். அந்த நெட்டைக்குச் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான், மச்சானே வாய் நிறையச் சொல்வார். ஆனால் குழுவில் இப்போது பதிமூன்று பேர். ஆறு ஜோடி போக மீதி ஒருவர்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? இரண்டாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். "மிச்சம்."

"மிச்சம், அந்த பக்கெட்டை எடு." "மிச்சம், பிரஷ் எங்கே?" மச்சானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டார். பத்து நாளாகக் கழுவும் மேடையில் பக்கெட் தூக்கினார். மதியம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பொட்டலம் பிரிப்பார்கள். இவர் லாரி டயரில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார். ராத்திரி படுக்கிற பள்ளிக்கூட ஹாலிலும் ஓரத்துப் பாய் இவருடையது. ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. 'வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கலாமே' என்று என் மனைவி கேட்டாள். "என்னன்னு சொல்றது?" என்றார்.

பதினோராம் நாள் மதியம் நெட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கு வண்டி ஊருக்குப் போகுது. நீ ஏறிக்கோ."

"ஏன் சார்?"

"சார்னு சொல்லாதடா."

"ஏன்னு கேட்டேன்."

"ஜோடி இல்லாம உன்னைத் தண்ணிப் பக்கம் விட முடியாது. நீ பக்கெட்டோட நிக்கிறதை எனக்கே பாக்க முடியலை."

"ஆள் கிடைச்சா?"

"கிடைச்சா இரு. எங்கேர்ந்து கிடைக்கும்?"

அவன் போய்விட்டான். மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. ஜோடி இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டால் அடுத்த முறை போன் வராது. அவருக்கு வேறு வேலை தெரியாது. அதை விடுங்கள், அவருக்கு வேறு மனிதர்களே தெரியாது. கயிற்றின் அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

அன்று சாயங்காலம் மேல்பக்கம் ஒரு தடுப்பு உடைந்துவிட்டது. ஆறு ஜோடியும் அங்கே ஓடினார்கள். கீழ்ப்பக்கம் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே காவலுக்கு நிற்க மச்சானை அனுப்பினார்கள். அவர் அந்த இடத்துக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

"சும்மா நின்னு பாத்துக்கோ. தண்ணியைத் தொடாத," என்றான் நெட்டை.

வளைவில் ஈ காக்கை இல்லை. பறவை இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை. இருக்காதே, எல்லாம்தான் எண்ணெயில் செத்துவிட்டதே. காற்றில் பறந்து வந்த தகரமும் மரக்கிளையும் எதிர்ப்புறம் முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தன. அதற்குப் பின்னால் கரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கால்வாயின் குறுக்கே ஒரு மிதவை. காலையில் படகில் வந்த ஒரு ஜோடி கட்டிவிட்டுப் போனது. மிதவைக்கு முன்னால், கம்பளி விரித்த மாதிரி, கெட்டியாக எண்ணெய்.

அந்த எண்ணெயிலிருந்து கொஞ்ச தூரத்தில், மச்சான் நின்ற கரையில், ஒரு கிளை வாய்க்கால் பிரிகிறது. அதற்கு மட்டும் மதகு இல்லை, வாயின் மேல் ஒரு நடைபாலம்தான். ஊருக்குக் குடிதண்ணீர் எடுப்பது அந்த வாய்க்காலில்தான். அதைத் தாண்டிப் போனால் உறிஞ்சும் லாரி நிற்கும் துறை.

ஐந்தே முக்காலுக்குக் காற்று திரும்பியது.

முதலில் உடுப்பு படபடத்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தார். எண்ணெய் நகர ஆரம்பித்திருந்தது. மெதுவாக, சத்தமில்லாமல், வாய்க்காலின் வாயைப் பார்த்து.

வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"காத்து திரும்பிடுச்சு. எண்ணெய் குடிதண்ணி வாய்க்கால் பக்கம் போகுது. ஒரு ஆள் வேணும்."

"இங்கே யாரும் நகர முடியாது," என்றது நெட்டையின் குரல். "கொஞ்சம் பொறு. ஒரு ஜோடியை அனுப்பறேன்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. நீ இறங்காத. கேக்குதா? தனியா இறங்காத."

நின்றார். எண்ணெய் நிற்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. ஊர் முழுக்கக் குழாயில் எண்ணெய் வரப்போகிறது, நாம் இங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று கரையில் முன்னும் பின்னும் நடந்தார். ஒரு பக்கக் கயிற்றை மட்டும் இழுத்தால் மிதவை கதவு மாதிரி திறந்துகொள்ளும். அத்தனையும் வெளியே போய்விடும். என்ன செய்வது?

அப்போதுதான் எதிர்ப்புறம் பார்த்தார்.

தகரக் குவியலுக்கு முன்னால் வெளுப்பாக ஓர் உருவம். குனிந்து, அந்தப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

நம் ஆட்கள் எல்லோருக்கும் வெள்ளை உடுப்புதான். சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆள் வந்துவிட்டான் என்று மச்சானுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தன் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தார். கையில் சுற்றிக்கொண்டார். ஒருமுறை இழுத்தார்.

இருக்கியா?

கயிறு கையில் துடித்தது. இரண்டு முறை.

இருக்கேன்.

பதினோரு நாளுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பதில் அது. "கண்ணுல தண்ணி வந்துடுச்சு," என்றார் எங்களிடம். சொல்லும்போதும் வந்தது.

நடந்தார்கள். அப்படி ஒரு ஜோடி அவருக்கு வாய்த்ததே இல்லையாம். நெட்டை நீளக் காலை எட்டிப் போட்டு முன்னால் போய்விடுவான், இவர் மூச்சு வாங்க ஓட வேண்டும். இந்த ஆள் அப்படியில்லை. இவர் ஓரடி வைத்தால் அவனும் ஓரடி. மிதவை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. முகமூடிக்குள் மச்சான் பேச ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு வண்டி ஏறச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னார். "நீ வந்தே, நான் பிழைச்சேன்" என்று சொன்னார். அந்தக் கரைக்குக் கேட்காது. கேட்காவிட்டால் என்ன, பேச ஓர் ஆள்.

வாய்க்காலின் வாய் நெருங்கியது. எண்ணெயின் ஓரம் உள்ளே நுழையப் பார்த்தது. மச்சான் கயிற்றைத் தளர்த்தினார். சொல்லாமலே அந்த ஆள் இறுக்கிப் பிடித்தான். மிதவை வளைந்து, வாயை மூடிக்கொண்டு, எண்ணெயைச் சுருட்டிக்கொண்டு தாண்டிவிட்டது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வாக்கி கரகரத்தது.

"இன்னும் யாரையும் அனுப்ப முடியலை. தப்பா நினைக்காத. நீ அங்கேயே இரு."

மச்சான் நின்றார்.

அந்த ஆளும் நின்றான். ஆனால்... இவர் நிற்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே நின்றுவிட்டான்.

யாரையும் அனுப்பவில்லை என்றால் இவன் யார்? உள்ளூர் ஆளாக இருக்கும். உதவிக்கு வந்திருப்பான். வேறு கம்பெனியாக இருக்கும். மனதுக்குள் என்னென்னவோ சொல்லிக்கொண்டார். கேட்டுவிடலாம். வாக்கியில் ஒரு வார்த்தை. 'எதிர்க்கரையில யாரு சார்?' அவ்வளவுதான்.

கேட்கவில்லை.

"ஏன் கேக்கலை?" என்று நான் கேட்டேன்.

"கேட்டா போயிடுவானோன்னு," என்றார் மச்சான்.

வாக்கியை அணைத்துவிட்டார். மறுபடி நடந்தார்கள்.

இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அந்த ஆளிடம் டார்ச் இல்லை. இருட்டிவிட்டது, இவரே கால் தடவித் தடவி நடக்கிறார். அவன் தகரக் குவியலுக்கு நடுவில் நடக்கிறான். தகரம் ஒரு தடவையாவது சத்தம் போட வேண்டாமா? இவர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக் என்றது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. உருவமும் கரையின் உயரத்தில் இல்லை. கீழே... தண்ணீர் மட்டத்தில் போகிற மாதிரி இருந்தது.

கயிறு சில்லிட்டிருந்தது. கையுறைக்கு மேலேயே தெரிந்தது.

துறை வந்துவிட்டது. லாரியின் குழாய் தண்ணீரில் தொங்கியது. எண்ணெய் முழுக்க மூலையில் ஒதுங்கி நின்றது. வேலை முடிந்தது. தன் பக்கத்துக் கயிற்றை முளையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மூன்று முறை இழுத்தார்.

முடிஞ்சது, விடு.

மூன்று பதில் வர வேண்டும்.

ஒன்றுதான் வந்தது.

இருக்கியா?

சரி, புரியவில்லை போலிருக்கிறது. இரண்டு இழுத்தார். இருக்கேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று.

ஒன்று வந்தது.

இருக்கியா?

இருக்கேன். மூன்று.

இருக்கியா?

எத்தனை தடவை என்று அவருக்கே நினைவில்லை. எதிரில் இருட்டு. உருவம் தெரியவில்லை. கயிறு மட்டும், குழந்தை புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி... மறுபடி... மறுபடி... ஒன்று. ஒன்று. ஒன்று.

பயம் அப்போதுதான் வந்தது.

கயிற்றைக் கீழே போட்டார். பதில் வராமல் போட்டுவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத காரியம். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

கழுவும் மேடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். மேடையைச் சுற்றிப் பால்நிறப் பிளாஸ்டிக் திரை. பின்னால் பெரிய விளக்கு. உள்ளே போகிறவர்களின் நிழல் திரையில் விழும். நெட்டை வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிழலைப் பார்த்து ஜோடி எண்ணுவான். எல்லோரும் திரும்பினார்களா என்று அப்படித்தான் தெரிந்துகொள்வது.

மச்சான் கடைசியாகப் போனார். மனித சத்தமும் வெளிச்சமும் பட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. பலகையில் ஏறி, குழாயைப் பார்த்து நின்று, கையை உயர்த்தினார். பத்து நாளாக அவருக்கு முதுகு தேய்க்க யாரும் இல்லை. தூரத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி விடுவார்கள், அவ்வளவுதான்.

சரக்.

முதுகில் பிரஷ் பட்டது.

சரக்... சரக்...

பையன்களில் யாரோ மனமிரங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தார். ஒரு கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டது, வழுக்காமல் இருக்க ஜோடிகள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி. நிதானமாகத் தேய்த்தது. கழுத்துக்குக் கீழே. தோள்பட்டை. இடுப்பு. ஒரு விரற்கடை விடாமல்.

வெளியே நெட்டை எண்ணினான்.

"ஆறு... ஏழு. ஏழு ஜோடி. இன்னிக்கு மிச்சம் இல்லை."

யாரோ சிரித்தார்கள். "மிச்சத்துக்கு ஆள் கிடைச்சாச்சா?"

ஏழு.

பதிமூன்று பேர். ஆறு ஜோடி. ஒருவர் மிச்சம்.

ஏழு எப்படி வரும்?

தோளில் இருந்த கை கனத்தது. சில்லென்று இருந்தது. உடுப்பைத் தாண்டி, சட்டையைத் தாண்டி...

பிரஷ் நின்றது.

தோளில் அந்தக் கை ஒருமுறை இழுத்தது.

ஒரே ஒருமுறை.

...

அவர் இரண்டு சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

எவ்வளவு நேரம் கழித்தோ நெட்டை திரையை விலக்கினான். "டேய், என்ன நின்னுக்கிட்டே தூங்குற?"

பின்னால் யாரும் இல்லை. பலகையில் பிரஷ் கிடந்தது. முதுகு பளிச்சென்று இருந்தது. அவ்வளவு சுத்தமாக யார் முதுகும் அன்று வரவில்லையாம்.

ராத்திரி ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. காலையில் நெட்டை துறையைப் பார்த்துவிட்டு நேரே இவரிடம் வந்தான்.

"அவ்வளவு எண்ணெயையும் நீயா கொண்டு வந்து சேத்தே?"

"ஆமா."

"தனியா வாக்கியை அணைச்சுட்டு இறங்கியிருக்க. நான் உன்னை என்னடா பண்றது?"

"தனியா இல்லை. எதிர்க்கரையில ஆள் இருந்தான்."

"எந்தக் கரையில?"

"எதிர்க்கரையில."

நெட்டையின் முகத்தில் ஈயாடவில்லை. கையைப் பிடித்து வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பகல் வெளிச்சத்தில் காட்டினான். எதிர்ப்புறம் கரையே இல்லை. தகரத்துக்குப் பின்னால் கிடங்குகளின் கான்கிரீட் சுவர். வளைவிலிருந்து துறை வரைக்கும் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும்பி நின்றது. கால் வைக்க ஒரு பிடி மண் இல்லை. சுவரில் பதித்த இரும்பு வளையத்தில்தான் மிதவையைப் படகில் வந்து கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர் இரண்டு ஆள் ஆழம்.

"நேத்து ஏழு ஜோடின்னு எண்ணினியே. என்கூட யாரு?" என்று மச்சான் கேட்டார்.

"நிழல் ரெண்டு இருந்துச்சு," என்றான் நெட்டை. "நான் நல்லாப் பாத்தேன். உனக்கு ஆள் கிடைச்சுட்டான்னு சந்தோஷப்பட்டேன்டா."

அந்தத் தகரக் குவியலை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தார். ஊர் அதிகாரி சிரித்தார். எங்கள் ஊரில் யாரும் காணாமல் போகவில்லையே, எதைத் தேடுவது என்றார். தேட ஆள் இருந்தால்தானே காணோம் என்று யாராவது சொல்வார்கள்? மச்சான் அதைத்தான் அவரிடம் கேட்டார். பொதுவாக அவர் அப்படி எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. நெட்டை கூட நின்றான். படகு போனது.

வளையத்துக்கு நேர் கீழே, தகரத்துக்கு அடியில், ஓர் ஆள் கிடந்தான். வெளிறிய மழைக்கோட்டு. நடுவயது. பையில் ஒன்றும் இல்லை. கிடங்குகளுக்குப் பின்னால் எங்கோ தனியாகப் படுத்துக் கிடந்திருப்பான் போலிருக்கிறது. எச்சரிக்கை ஒலித்தபோது அவனைக் கூப்பிட யாரும் இல்லை. ஊரில் கேட்டார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள். தெரியும் என்று ஒருவரும் வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

மச்சான் அன்றைய வண்டியில் ஏறவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். உறவுக்காரர்கள் மட்டும்தான் பார்க்கலாம் என்று வாசலில் நிறுத்தினார்கள்.

"நீங்க இவருக்கு யாரு?"

பொய் சொல்ல வராத மனிதர். கொஞ்சம் யோசித்தார்.

"கூட வேலை பாத்தவன்," என்றார்.

உள்ளே விட்டார்கள். டாக்டர் வயதானவர். பொறுமையாகப் பேசினார். காற்றடித்த அன்றைக்கே மூழ்கி இறந்திருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை, எண்ணெய் மூடிக் கிடந்ததால் உடம்பு அதிகம் கெடவில்லை என்றார். பிறகு துணியை விலக்கினார்.

"இது ஒண்ணுதான் எனக்குப் புரியலை. நீங்க கூட வேலை பாத்தவர்ங்கறீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டினார். குறுக்காகத் தோல் உரிந்து, சதை தெரிய, ஆழமாக ஒரு கோடு. ஓரமெல்லாம் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"கயிறு அறுத்த காயம். ரொம்ப நேரம், ரொம்பக் கனமான எதையோ இழுத்திருக்காரு. செத்தவங்க கையில இப்படி ரத்தம் கட்டாது. உயிரோட இருந்தாத்தான் கட்டும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். "இந்தக் காயத்துக்கு ரெண்டு நாள்கூட ஆகலை."

மச்சான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"கிளவுஸ் போட்டிருக்கானான்னு நான்தான் பாத்திருக்கணும்," என்றார் எங்களிடம். "நான் பாக்கலை."